ஜூன் மாசத்து காசு

ஏற்காட்டுல இன்னைக்கு காபி என்ன வெல, மிளகு என்ன வெலன்னு கேட்டா போன் சொல்லிரும். அதே மலையில ரெண்டு ஏக்கர் வச்சிருக்கற ஒரு வீட்டுல ஜூன் பத்தாம் தேதி கையில எவ்ளோ காசு இருக்கும்னு கேட்டா எந்த போனும் சொல்லாது. ஆனா அங்க யாரை வேணா கேளுங்க, சிரிச்சுகிட்டே சொல்வாங்க, ஒன்னும் இருக்காதுன்னு.

நான் சேலத்துல கணக்கு எழுதற ஆளு. எங்க தெருவுல ஆடிட்டர்னுதான் கூப்பிடறாங்க, நான் ஆடிட்டர்லாம் இல்ல. சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி பைல் பண்றது, வரவு செலவு பாக்கறது, பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுத் தர்றது, இதான் பொழப்பு. செவ்வாப்பேட்டையில கொலுசு பண்றவங்க, லீ பஜார்ல மளிகை வச்சிருக்கறவங்க, இவங்கதான் நம்ம கஸ்டமர். பழக்கத்துல ஒருத்தர் கேட்டாருன்னு ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில ரெண்டு மூணு மகளிர் குழுவுக்கும் நோட்டு பாத்துக் குடுக்கறேன், அதுக்கு காசு வாங்கறதில்ல, திரும்பி வரப்ப பையில பலாப்பழமோ மிளகோ ஏத்தி விட்டுடுவாங்க.

கிராமத்து வறுமை பத்தி மேடையில பேசறவங்க எல்லாரும் ரெண்டு வார்த்தை சொல்வாங்க, ஒன்னு கல்வி, இன்னொன்னு சிறுதொழில். தப்பில்ல. ஆனா கல்வியை ஒரு டிபார்ட்மெண்ட் பாக்குது, தொழிலை இன்னொரு டிபார்ட்மெண்ட் பாக்குது, ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள ஒரே டப்பாவுல இருக்கற காசுலதான் நடக்குதுங்கறதை யாரும் பாக்கறதில்ல. அந்த டப்பாவுல எந்த மாசம் காசு விழுது, எந்த மாசம் எடுக்க வேண்டி வருதுன்னு பாத்தாலே எனக்கு பாதி விஷயம் புரிஞ்சிருது.

மலையோட வருஷத்தை சொல்றேன். மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை பேஞ்சா காபி பூக்கும், அந்தப் பூ பழமாகி கைக்கு வர நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆயிரும். சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகு ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும். அப்புறம் பலா, கோடைக்கு. ஏப்ரல் மே டூரிஸ்ட் சீசன், கோடை விழா, அப்ப லேக் பக்கமும் லேடீஸ் சீட் பக்கமும் மிளகா பஜ்ஜி போட்டவங்க, வேக வச்ச சோளம் வித்தவங்க கையில கொஞ்சம் புழங்கும். ஜூன் பொறந்தா டூரிஸ்ட் கீழ எறங்கிருவாங்க, ஸ்கூல் தொறந்துரும். காபிக்கு இன்னும் அஞ்சு மாசம், மிளகுக்கு அதுக்கும் மேல. எஸ்டேட்ல களை எடுக்கற கூலியும் நூறு நாள் வேலையும்தான், அதுலயும் நூறு நாள் வேலைக் காசு எப்ப அக்கவுண்ட்ல ஏறும்னு சொல்ல முடியாது.

கவர்மெண்ட் ஸ்கூல்ல எல்லாம் ஃப்ரீதானே, ஜூன்ல என்ன செலவுன்னு டவுன்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். புக்கு ஃப்ரீ, யூனிபார்ம் ஃப்ரீ, மதிய சாப்பாடு உண்டு, இப்ப காலைச் சாப்பாடும் வந்துருச்சு, இதெல்லாம் சும்மா இல்ல, தமிழ்நாடு பல மாநிலத்தை விட முன்னாடி இருக்கறதுக்கு காரணமே இதுதான்னு நான் சண்டை போட்டு சொல்வேன். ஆனா எட்டாவது வரைக்கும் பக்கத்துல நடந்து போன புள்ள ஒம்பதாவதுக்கு ஏற்காட்டுக்கோ கீழயோ போகணும்னா ஹாஸ்டல் பெட்டி வேணும், போர்வை வேணும், செருப்பு வேணும், கொண்டு போயி விட ரெண்டு பேரு பஸ் செலவு, அன்னைக்கு ரெண்டு பேரோட கூலியும் போச்சு. பன்னெண்டாவது முடிச்சு காலேஜுன்னா அட்மிஷன், எக்ஸாம் பீஸ், சேலத்துல தங்கறது. எல்லாம் மே கடைசியிலயும் ஜூன் ஜூலையிலயும்தான். மொத்தமா பாத்தா லட்சக்கணக்குல ஒன்னும் இல்ல, ஆனா கையில ஒன்னுமே இல்லாத மாசத்துல அஞ்சாயிரமும் லட்சம்தான்.

அப்ப என்ன பண்ணுவாங்க, மிளகு வாங்கற வியாபாரிகிட்ட போவாங்க. இந்த இடம்தான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க, கணக்கு போடறேன்.

ஜூன்ல 20,000 ரூபா அட்வான்ஸ் வாங்கறாங்கன்னு வச்சுக்குங்க. பிப்ரவரியில மிளகு வந்ததும் குடுக்கணும். அப்ப மார்க்கெட் வெல கிலோ 600-ன்னு வச்சுப்போம், அட்வான்ஸ் குடுத்தவர் 450-க்குதான் எடுத்துப்பாரு, அதான் பேச்சு. வட்டின்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, நோட்டுலயும் வட்டின்னு ஒரு கட்டம் இருக்காது. இப்ப 20,000-த்தை 450-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 44 கிலோ. அந்த 44 கிலோவோட மார்க்கெட் மதிப்பு 26,600-க்கு மேல. எட்டு மாசத்துல ஆறாயிரத்தி சொச்சம், அதாவது நாலு வட்டிக்கு மேல. சரி போகட்டும்னு விட முடியுமா, அதோட முடியாது. அட்வான்ஸ் வாங்கின வீட்டு மிளகு மொத்தமும் அவருக்குத்தான் போடணும், அதுவும் எழுதப்படாத பேச்சு. நூறு கிலோ வெளஞ்சா நூறும் 450-க்கு. கிலோவுக்கு 150 வீதம் 15,000 போச்சு, 20,000 கடனுக்கு. மாசத்துக்கு ஒம்பது வட்டி தாண்டிருச்சு. கந்து வட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் வந்துருச்சு, ஆனா இதுல எங்க வட்டி இருக்கு கேஸ் போடறதுக்கு? வெறும் வெல பேசினதுதானே.

வியாபாரியை வில்லன்னு சொல்ல வரல. ராத்திரி பத்து மணிக்கு கதவைத் தட்டினாலும் அவரு காசு குடுப்பாரு, பேங்க் குடுக்குமா. அவருக்கும் ரிஸ்க் இருக்கு, மிளகுக் கொடியில வாடல் வந்தா அவரு காசும் சேர்ந்து போகும். அது வேற பேச்சு.

காபியிலயும் இதே கதைதான், இன்னும் மோசம். பழத்தை எடுத்த அன்னைக்கே பல்ப்பர்ல போட்டு தோலை எடுத்து, ஊற வச்சு கழுவி காய வச்சா அது பார்ச்மெண்ட், நல்ல வெல. மெஷின் இல்லாதவங்க பழமாவே வித்துருவாங்க, இல்லைன்னா களத்துல அப்படியே ரெண்டு மூணு வாரம் காயப் போடணும், பனியும் மழையும் இருக்கற மாசத்துல அதுவும் லேசு இல்ல. ஆறு கிலோ பழம் இருந்தா சுமாரா ஒரு கிலோ காபிக்கொட்டை கெடைக்கும், வறுத்தா அதுலயும் ஆறுல ஒரு பங்கு எடை போயிரும். 2024 கடைசியிலயும் 2025 ஆரம்பத்துலயும் உலகம் முழுக்க அராபிகா வெல இதுவரைக்கும் இல்லாத ஒசரத்துக்கு போச்சே, பேப்பர்லாம் ஏற்காடு காபி விவசாயிகள் மகிழ்ச்சின்னு போட்டாங்க. மகிழ்ச்சி யாருக்குன்னா ஜூன்ல அட்வான்ஸ் வாங்காதவங்களுக்கு.

இன்னொன்னு யாரும் கவனிக்காத விஷயம். பழம் எடுக்கற சீசனும் அரையாண்டு பரீட்சையும் ஒரே மாசம். டிசம்பர்ல வீட்ல எல்லாரும் தோட்டத்துல இருப்பாங்க, பதினாலு வயசு பையன் எடுத்தாலும் கூடையில எடை ஏறும். நம்ம பக்க மலைகள்லருந்து குடும்பத்தோட கொடகுக்கும் சிக்மகளூருக்கும் கேரளாவுக்கும் மிளகு பறிக்க, காபி எடுக்கப் போறவங்க திரும்பி வர மார்ச் ஆயிரும், மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம். பையன் ஃபெயில்னா அவனுக்கு படிப்பு ஏறலைன்னு முடிச்சுருவோம். அவன் ரெண்டு மாசம் வகுப்புல இல்லவே இல்லைங்கறது மார்க் ஷீட்ல வராது. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டோட எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடி மக்கள்ல மட்டும் எடுத்தா 54 சதவீதம்தான். இந்த 26 புள்ளி வித்தியாசத்துல ஒரு பங்கு இந்த டிசம்பர் மார்ச் கணக்குலதான் இருக்குன்னு எனக்கு ஒரு நெனப்பு.

படிக்காம நிக்கற பசங்க எங்க போறாங்கன்னா, திருப்பூர் போனா நல்லது. ஆந்திரா பக்கம் மரம் வெட்ட ஆள் எடுக்கறாங்கன்னு போனவங்களும் உண்டு, 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு ஆந்திரா போலீஸ் சுட்டுக் கொன்ன 20 பேரும் நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க, ஜவ்வாது மலை, சித்தேரி மலைன்னு மலைக்காரங்க நெறைய பேரு. ஒரு நாள் கூலி எவ்ளோன்னு கேட்டுத்தான் ஏறினாங்க.

சரி, இதுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு, சேலத்துலயே இருக்கு, நாம தெனம் பஸ்ல கடந்து போற எடம்தான். சேகோசர்வ். 1981-ல ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கம். அதுக்கு முன்னாடி ஜவ்வரிசி மில்லுக்காரங்க நெலமையும் மேல சொன்ன மிளகுக்காரங்க நெலமைதான், சரக்கை வைக்க குடோன் இல்ல, அடுத்த லோடு கிழங்கு வாங்க காசு இல்ல, வந்த வெலைக்கு தள்ளி விடணும். சேகோசர்வ் பண்ணது ராக்கெட் சயின்ஸ் இல்ல, குடோன் கட்டுச்சு, சரக்கை வச்சா அது மேல அட்வான்ஸ் குடுத்துச்சு, டெண்டர் விட்டு வித்துக் குடுத்துச்சு. அவ்ளோதான். மில்லுக்காரருக்கு காத்திருக்கற தெம்பு வந்துச்சு. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடே கெடைச்சுது. மில்லுக்கு வந்த அந்த தெம்பு கிழங்கு போடற விவசாயிக்கு வரலைங்கறது வேற சோகம், மரவள்ளியை புடுங்கினா ரெண்டு மூணு நாள்ல கெட ஆரம்பிச்சுரும், அதை எந்த குடோன்ல வைக்கறது.

ஆனா மிளகு கெடாது! நல்லா காய வச்சு ஈரம் பதினொன்னு பன்னெண்டு சதவீதத்துக்கு கீழ கொண்டு வந்து காத்துப் புகாம கட்டி வச்சா வருஷக்கணக்குல இருக்கும். மரத்துல காய்க்கற பேங்க் டெபாசிட் மாதிரி. அதை வச்சுகிட்டு ஜூன்ல 450-க்கு வித்துட்டு நிக்கறோம்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல பொருளீட்டுக் கடன்னு ஒன்னு இருக்கு, வெளஞ்சதை கொண்டு போயி வச்சா மதிப்புல ஒரு பங்கை கடனா தருவாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி ஒன்னரை மூட்டை மிளகை யாரு கொண்டு வர்றது, வண்டி வாடகையே தின்னுரும்.

இங்கதான் குழு வருது. மகளிர் குழுங்கறதே நம்ம பக்கத்து சரக்குதான், 1989-ல ஐநாவோட விவசாய நிதி அமைப்பு உதவியில தமிழ்நாட்டுல முதல்ல ஆரம்பிச்சது தருமபுரியில, அது 1965 வரைக்கும் நம்ம சேலம் மாவட்டம். நபார்டு குழுக்களை பேங்கோட சேர்த்து விட ஆரம்பிச்சது 1992. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப நெலம என்னன்னா குழுன்னாலே லோன்னு ஆயிருச்சு. பேங்க் குழு ஒரு பக்கம், தனியார் மைக்ரோ பைனான்ஸ் குழு இன்னொரு பக்கம், செவ்வாய்க்கெழமை ஒரு தவணை, வியாழக்கெழமை இன்னொரு தவணை, ஒன்னை அடைக்க இன்னொன்னு. வாராவாரம் தவணை கட்டணும்னா வாராவாரம் வருமானம் வேணும்ல, வருஷத்துக்கு ரெண்டு தடவை காசு பாக்கற வீட்டுக்கு வாரத் தவணை லோனை யாரு கண்டுபுடிச்சாங்களோ.

தொழில் பயிற்சின்னு ஒன்னு குடுப்பாங்க பாருங்க. பினாயில், மெழுகுவர்த்தி, ஊறுகா, சோப்பு. எந்த ஊருக்குப் போனாலும் இதே நாலுதான். மூணு நாள் பயிற்சி, கடைசி நாள் சர்டிபிகேட், குரூப் போட்டோ. காபித் தோட்டத்துக்கு நடுவுல இருக்கற ஊர்ல மெழுகுவர்த்தியை யாரு வாங்குவா? கரண்ட் போனா போன் லைட்டை போட்டுக்கறாங்க. நான் பாத்ததுல நெலச்சு நிக்கறது எல்லாம் சுத்தி இருக்கறவங்க ஏற்கனவே காசு குடுத்து வாங்கிட்டிருக்கற பொருள்தான். ஒரு குழு இட்லி மாவு ஆட்டி விக்குது, ஹோம்ஸ்டே நடத்தறவங்களே வாங்கறாங்க. இன்னொரு ஊர்ல ரெண்டு அக்காங்க தைக்கறாங்க, ப்ளவுஸ் மட்டும்தான், ஆனா மலைக்கு கீழ கொண்டு போகாம ஊர்லயே தெச்சுடலாம்ல, அதனால ஓடுது. பெரிய லாபம் இல்ல. ஆனா ஜூன்லயும் வருது, அதுக்குத்தான் நான் மார்க் போடுவேன். வருஷ லாபம் எவ்ளோன்னு பேங்க் மேனேஜர் கேப்பாரு, நான் எந்த மாசத்துல எவ்ளோன்னு ஒரு தாள் சேத்து வைப்பேன், ஒருத்தரும் படிச்சதில்ல.

அரசாங்கத்து காசுலயும் இதே பாருங்க. புதுமைப் பெண் 2022 செப்டம்பர்ல வந்துச்சு, ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1,000. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர்லருந்து மாசம் 1,000. ஆயிரம் ரூபாயில என்ன ஆயிரும்னு டீக்கடையில பேசறவங்களுக்கு நான் சொல்றது, வருஷத்துக்கு ஒரு தடவை 12,000 குடுத்திருந்தா நீங்க சொல்றது சரி, அது வந்த வாரத்துல பழைய கடனுக்கு போயிருக்கும். மாசாமாசம் வர்றதாலதான் அந்தப் பொண்ணு பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் யார்கிட்டயும் கேக்காம போயிட்டு வருது.

ஆனா காலேஜ் சேரணும்னா சாதிச் சான்றிதழ் வேணும். மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்துல பழங்குடி பட்டியல்ல இருக்காங்க, கேரளாக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க, காலங்காலமா இந்த மலையில இருக்கறவங்க. பழங்குடி சான்றிதழை தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்டிஓதான், அதாவது வருவாய் கோட்டாட்சியர்தான் குடுக்கணும். விசாரணை, அப்பாவோட சான்றிதழ், அப்பாவுக்கு இல்லைன்னா பெரியப்பாவோடது. இதுவே ஈரோடு பக்கம் பர்கூர் மலையில இருக்கற மலையாளிக்கு பட்டியல்லயே எடம் இல்ல, மாவட்டம் மாறினா பழங்குடி இல்லையாம். எனக்கு இது இன்னும் வெளங்கல. எங்க குழுவுக்கு நான் குடுத்த ஒரே இலவச ஆலோசனை, பொண்ணு பத்தாவது படிக்கறப்பவே மனு போட்டுருங்க, பன்னெண்டாவது ரிசல்ட் வந்தப்பறம் ஓடாதீங்க.

படிப்பு தொழிலுக்கு என்ன பண்ணுதுன்னும் சொல்லணும். ஒரு அக்கா பொண்ணு பி.காம் ரெண்டாவது வருஷம். லீவுக்கு வந்தப்ப வியாபாரி மிளகு எடை போடறார். மூட்டைக்கு சாக்குக் கழிவு, ஈரக் கழிவுன்னு ரெண்டு கிலோ கழிச்சாரு, எப்பவும் கழிக்கறதுதான். இந்தப் பொண்ணு, "ஏங்கண்ணா, சாக்கு எடை அரைக் கிலோ கூட இல்லையே, ஈரம் எவ்ளோன்னு மெஷின் வச்சு பாத்தீங்களா"ன்னு கேட்டுச்சு. அவரு சிரிச்சுட்டு, "காலேஜு அனுப்பினது என் தப்புதான் போலருக்கு, அட்வான்ஸே நான்தானே குடுத்தேன்"ன்னாரு. ஆனா அன்னைக்கு ஒரு கிலோதான் கழிச்சாரு. அந்த ஒரு கிலோ அந்த ஊர் பூரா பரவி, இப்ப எல்லாரும் சாக்கை தனியா எடை போடச் சொல்றாங்க. இது எந்த சிலபஸ்ல வரும்னு தெரியல.

எதிர்ப்பக்கமும் இருக்கு, அதை மறைச்சா நான் மேடைப் பேச்சாளர் ஆயிருவேன். தொழில் நல்லா ஓடினா புள்ள படிக்கும்னு இல்ல. சீசன் கடை சூடு புடிச்ச ஒரு வீட்டுல பதினொன்னாவது படிச்ச பையனை கடையில உக்கார வச்சுட்டாங்க, வேற ஆளு போட்டா சம்பளம் குடுக்கணுமே. அதே மாதிரி பி.இ முடிச்சுட்டு வந்து ஏற்காடு ஸ்டாண்டுல டாக்சி ஓட்டற பையனும் இருக்கான், அவனைக் காட்டி, படிச்சு என்னத்தை கிழிச்சான்னு நாலு வீட்டுல கேக்கறாங்க. டாக்சி ஓட்டறது கேவலம் இல்ல, ஆனா நாலு வருஷ பீஸுக்கு வித்த நெலம் திரும்பி வராதுல்ல.

இப்ப ஒரு குழு என்ன பண்றாங்கன்னா, தலைக்கு பத்து கிலோ மிளகு, விக்காம ஒரு ரூம்ல போட்டு வைக்கறாங்க. குழு சேமிப்புலருந்து அது மேல ஒன்னரை வட்டிக்கு ஜூன்ல காசு, ஸ்கூல் காலேஜ் செலவுக்கு மட்டும். வியாபாரிகிட்ட போற தேவையை பாதியாவது கொறைக்கலாம்னு கணக்கு. நூறு கிராம் பாக்கெட் போட்டு மே மாசத்துல டூரிஸ்டுக்கு கொஞ்சம் விக்கறாங்க, உணவு பாதுகாப்பு பதிவு எடுத்தாச்சு, அப்ப எங்களுக்கு வருஷத்துக்கு நூறு ரூபாதான் பீஸ் ஆச்சு. எலி ஒரு பிரச்சனை. ஆடி மாசத்து சாரல்ல சுவர் ஈரமாயிருது, அதுக்கு கீழ பலகை போட்டு டிரம்முல வைக்கணும்னு பேசியிருக்கோம். ஒரு அக்கா வச்ச மிளகுல ஈரம் ஜாஸ்தி, பூசணம் புடிச்சு மத்தவங்க சரக்கும் நாறிருச்சுன்னு பெரிய சண்டை, அதுலருந்து எடை போடறப்பவே பல்லுல கடிச்சு பாத்துதான் உள்ள விடறாங்க.

யாராவது இதைப் படிச்சுட்டு மலைப் பசங்களுக்கு நோட்டு புக்கு வாங்கித் தரணும்னு நெனச்சீங்கன்னா, தயவுசெஞ்சு ஆகஸ்ட் 15-க்கு வராதீங்க, மே கடைசியில வாங்க. நோட்டு வேண்டாம், மூடி போட்ட பெரிய டிரம்மு ரெண்டு வாங்கிக் குடுங்க. ரூம் வாடகை மாசம் 800-ஆ ஆயிரமான்னு இன்னும் முடிவாகல, வீட்டுக்காரம்மாவும் அதே குழுவுல மெம்பர், அவங்க பத்து கிலோவும் உள்ளதான் இருக்கு.